மூளிக்காதியின் பொந்து

அந்தப் பண்ணையில் அவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவன் அண்ணன் மகன் ஒருவன்தான். ஆனால் தீவன லாரிக்காரர், முட்டை ஏற்ற வருபவர், கோழிகளுக்கு ஊசி போட வரும் டாக்டர் எல்லோருக்கும் அவள் அத்தையாகிப் போனாள். அவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

கட்டிய புருஷன் மூன்றே வருடத்தில் வேண்டாமென்று சொல்லிவிட, இருபத்தாறு வயதில் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அண்ணன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "உள்ள வா. கையைக் கழுவிட்டு முதல்ல சாப்பிடு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இருபத்தெட்டு வருடம் அங்கே மாடாக உழைத்தாள்.

அவள் வந்த காலத்தில் கோழிகள் அறுநூறு இருந்தன. கொட்டகையில் அடைத்து வளர்ப்பதல்ல, பகலெல்லாம் புல்லில் மேயவிட்டு வளர்ப்பது. அதனால் நரிக்குக் கொண்டாட்டம். வாரத்துக்கு நாலைந்து கோழி போகும். அண்ணனுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. பல் வைத்த இரும்புப் பொறி வைத்தார், அதில் பக்கத்துத் தோட்டத்து ஆட்டின் கால் போயிற்று. இறைச்சியில் விஷம் தடவிப் போட்டார், வீட்டு நாய் நுரை தள்ளிச் செத்தது. நரி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அத்தைக்கு நரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும். விடிந்ததும் டீ டம்ளரோடு வேலியோரம் போய்க் குந்திக்கொண்டு மண்ணைப் பார்ப்பாள். எங்கே கால் வைத்திருக்கிறது, எங்கே குழி பறித்திருக்கிறது, எங்கே முகர்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்று ஒரு வருடம் பார்த்தாள். "இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று அண்ணி வாய்விட்டே சொன்னாள்.

நரி எப்போதும் வேலியின் அடியை ஒட்டித்தான் பறிக்கிறது, இரண்டடி தள்ளிப் பறிக்க அதற்குத் தோன்றுவதில்லை என்று அத்தை கண்டுபிடித்தாள். அதனால் கம்பி வலையை நேராக இறக்காமல், வெளிப்பக்கமாக இரண்டடி மடித்து மண்ணுக்குள் புதைத்தாள். நரி எதையும் மூக்கால்தான் முதலில் தொடுகிறது என்பதால் அதன் மூக்கு உயரத்தில் மின்கம்பி ஓடியது. ஆளைக் கொல்லாது, சுரீரென்று அடிக்கும், அவ்வளவுதான். இருட்டுவதற்குள் கோழிகளை உள்ளே விட்டு எண்ணி அடைப்பது அவள் வேலை. காய்ச்சலிலும் அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை.

அதன்பிறகு இருபத்தைந்து வருடம் நரியால் ஒரு கோழி போகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "நம்ம பண்ணைக்குள்ள நரி மூக்கை நுழைக்க முடியாது" என்று மார்தட்டுவார். அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் நரி இருந்தது. இடது காது பாதி கிழிந்தது. அத்தை அதற்கு மூளிக்காதி என்று பேர் வைத்திருந்தாள். குட்டியாக இருந்தபோதே மின்கம்பியில் மூக்கைச் சுட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு வேலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில்கூட வந்ததில்லை. வேலிக்கு வெளியே எலி பிடித்துத் தின்னும். வேறு நரி வந்தால் விரட்டிவிடும். காசில்லாத காவல்காரி என்று அத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். இடிந்துபோன பம்ப் ரூமுக்குக் கீழே அது பொந்து வைத்திருந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

அண்ணன் மகன் படித்துவிட்டு வந்து பண்ணையைக் கையில் எடுத்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். பெரிய முட்டைக் கம்பெனி ஒன்றைப் பிடித்தான். நரியைக் கொல்லாமல் கோழி வளர்க்கும் பண்ணை என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கலாம் என்பது அவர்கள் யோசனை. படம் எடுக்க ஒருநாள் காலை வேனில் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். வேன் உள்ளே வர வேலியில் ஒரு பக்கத்தைக் கழற்றினார்கள். கம்பியில் கரண்ட்டை நிறுத்தினார்கள்.

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "தம்பி, இது குட்டி போட்ட காலம். பால் கொடுக்குற நரி பகல்லயும் வரும். வேன் உள்ள வந்ததும் வேலியை மாட்டிடு."

"மாட்டிடுறேன் அத்தை. நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. படத்துல புடவை, சாணி வாளி எல்லாம் வரக்கூடாதுங்கிறாங்க."

அத்தை தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பதினாலு பேருக்கு டீ போட்டாள். நடுவில் ஒருமுறை ஜன்னல் வழியாக, "வேலி?" என்று குரல் கொடுத்தாள். அவன் கையை மட்டும் ஆட்டினான். மத்தியானம் எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வெளியே காகங்கள் ஒரே கூச்சலாகக் கத்தின.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கழற்றிய வேலி கழற்றியபடியே கிடந்தது. கோழிகள் மிரண்டு பறந்து மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்திருந்தன. பசிக்கு ஒன்றைப் பிடிக்க வந்த நரி அந்தப் படபடப்பைப் பார்த்து வெறிபிடித்துக் கண்டதையெல்லாம் கடித்துப்போட்டிருந்தது. எண்பத்தேழு. அதன் வாயில் போனது ஒன்றே ஒன்று. அந்தக் கிழிந்த காது வேலிக்கு வெளியே புல்லில் மறைவதை அத்தை பார்த்தாள்.

கம்பெனிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார். "என்ன சார் இது? இதுதானா உங்க பாதுகாப்பு?"

அண்ணன் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் தன் மகனைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

"வேலி உன் பொறுப்புதானேம்மா? இத்தனை வருஷம் பண்ணிட்டு இன்னிக்குப் போய் இப்படி விட்டுட்டியே" என்றார்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது அவளுக்குப் புரிந்தது. பிள்ளை பிழைப்பு போய்விடும், நீ வாயைத் திறக்காதே. அவள் திறக்கவில்லை. வேன் போகட்டும், அப்புறம் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தாள். வேன் போயிற்று. சாயங்காலமும் போயிற்று. அடுத்த நாள் அண்ணி தீவனக்காரரிடம், "வயசாயிடுச்சு, மறதி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் துப்பாக்கியோடு ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள்.

"அது எங்க தங்குதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் அண்ணன்.

"வேண்டாம் அண்ணே. இவ நம்ம வேலியைத் தெரிஞ்சவ. இவ போனா இடம் காலி. வேலின்னா என்னன்னே தெரியாததுங்க நாலு வந்து உட்காரும். வேலியைச் சரியா மாட்டினா போதும்."

"நரிக்கு வக்காலத்து வாங்குறியா? நீதான் வளர்த்தியோ? உன்னை வெச்சுச் சோறு போட்டதுக்கு…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதும் ஒன்றுதான், சொல்லி முடித்ததும் ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருடமாக அண்ணன் கேட்டு அவள் மறுத்ததே இல்லை. பழகிப்போன கை தானாக எழுந்து பம்ப் ரூமைக் காட்டியது.

முதல் வெடிச்சத்தம் கேட்டபோது அவள் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூளிக்காதி செத்து விழுந்தது. பொந்துக்குள் குட்டிகள் இருந்தன. குண்டை வீணாக்குவானேன் என்று பொந்தின் வாயைக் கல்லால் அடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கம் போனால் சன்னமாகச் சத்தம் கேட்டது. ஒருமுறை கல்லில் கை வைத்தாள். துப்பாக்கி ஆளும் அண்ணன் மகனும் மேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனையாவது என்றாவது மன்னித்துவிடலாம், அந்தக் கையை மன்னிக்க அவளால் ஆகவில்லை.

அடுத்த மாதம் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி மேல் படத்தில் அண்ணன் மகன் ஒரு கோழியை அணைத்துக்கொண்டு சிரித்தான். கீழே கொட்டை எழுத்தில், 'நரியையும் வாழவிடும் பண்ணை.' அச்சடித்தது அச்சடித்ததுதானே என்று அதிலேயே முட்டை அடுக்கினார்கள். அத்தை இரண்டு பெட்டி அடுக்கினாள். மூன்றாவதை மூடி வைத்துவிட்டுத் தன் துணிகளை எடுத்துக்கொண்டாள். அண்ணன் திகைத்துப்போய், "எங்க போவே?" என்று கேட்டார். "உள்ளதான் வந்தேன், வெளியவும் போகத் தெரியும்" என்றாள்.

டவுனில் முட்டைகளை வெளிச்சத்தில் வைத்துத் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை கிடைத்தது. மாடியில் ஒரு அறை. அங்கே யாரும் அவளை அத்தை என்று கூப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து அண்ணன் மகன் கூடத்துக் கேட்டில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். நீங்கள் சொன்ன மாதிரியே ஆயிற்று, மூன்றோ நாலோ தெரியவில்லை, வேலியைப் பறிக்கின்றன, ஏறுகின்றன, பகலென்றும் பார்ப்பதில்லை, கோழி பாதிக்குமேல் போய்விட்டது என்றான்.

"மழைக்கு அப்புறம் மேற்கு மூலையில மண் இறங்கும். அங்க வலை தெரியுதா பாத்தியா?" என்று அவள் வாய் தன்னையறியாமல் கேட்டுவிட்டது.

"பாக்கல அத்தை. நீங்க வந்துடுங்க. அன்னிக்கு நான் ஒத்துக்கிட்டிருக்கணும். பயந்துட்டேன்."

"நீ பயந்தே, சரி. சின்ன வயசு. அண்ணன் என்ன சொல்றார்?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பா… அம்மாதான் போய்க் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் இதைப் பத்திப் பேசறதே இல்ல."

 மேற்கு மூலையில் எத்தனை அடிக்கு வலை போட வேண்டும், எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் போனில் குறித்துக்கொண்டான். "பத்திரமா போ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் சின்ன முட்டைகளைப் பெரிய தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.