சுவர் மாப்பிள்ளைக்கு ஓர் ஓட்டை

அந்த வட்டாரத்தில் அவளை ஓட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். டிரில்லும் கையுமாக வீடு வீடாகப் போய், பீரோ, அலமாரி, புத்தக அடுக்கு என்று குழந்தைகள் மேல் சாயக்கூடிய எதையும் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டு வருவது அவள் பிழைப்பு. ஆசைப்பட்டுக் கற்ற தொழில் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வயிற்றெரிச்சலில் கற்ற தொழில் அது.

அதற்கு முன் ஓர் அச்சகத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். குடியிருந்தது ஒரு வரிசை வீட்டில். அந்த ஓனருக்கு அவள் வைத்த பெயர் சுவர் மாப்பிள்ளை. தாலி கட்டிக் கூட்டி வந்தவர் போல வாரம் ஒரு தடவை வந்து சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிக்கக் கூடாது. குடித்தனக்காரர்கள் எல்லோரும் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அவள் மகள் அப்போது சின்னக் குழந்தை. மர அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, படிக்கட்டு மாதிரி கால் வைத்து ஏறத் தொடங்கியிருந்தாள். பயந்துபோன தாய் ஓனரிடம் ஓடினாள்.

"ரெண்டே ரெண்டு ஓட்டைங்க. அலமாரியைச் சுவரோட சேர்த்து மாட்டிடுறேன். பாப்பா மேல சாஞ்சிடும்னு பயமா இருக்கு."

"உனக்குப் புள்ளையப் பாத்துக்கத் தெரியலன்னா என் சுவர் என்னம்மா பண்ணும்? இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு. ஓட்டை போட்டா அன்னைக்கே காலி பண்ணிடணும்."

திரும்பி வந்தாள். அடுத்த வாரமே அலமாரி சாய்ந்தது. குழந்தையின் உயிர் தப்பியது பெரிய விஷயம். ஆனால் நசுங்கிய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த அந்தப் பெரிய மனிதர் குழந்தையைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

"டைல்ஸ் விரிஞ்சிருக்கா?" என்றார்.

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. வீட்டைக் காலி செய்தாள், டிரில் வாங்கினாள், தெரிந்த கொத்தனாரை நச்சரித்து வேலையைக் கற்றுக்கொண்டாள். முதலில் கை வைத்தது சுவர் மாப்பிள்ளையின் வீடுகளில்தான். அவர் வெளியூர் கிளம்பினால் போதும், பிள்ளைக்காரிகளிடமிருந்து தகவல் வந்துவிடும். மனிதர் திரும்பி வந்து சுவரைத் தடவிப் பூரித்துப் போவார். அலமாரிகளுக்குப் பின்னால் அது சல்லடையாகிக் கிடக்கும். அதை நினைத்து அவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். ஆனாலும் ஆறவில்லை. அவருக்குத் தெரியாத பழி என்ன பழி? அவர் கண் முன்னால் துளைக்க வேண்டும், எதற்கென்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே காத்திருந்தாள்.

ஒருநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா வீட்டுக்கு வந்திருக்கேன். பையன் டிராயரையெல்லாம் இழுத்துப் போட்டு ஏறுறான். நீங்க உடனே வரணும்."

விலாசத்தைக் கேட்டதும் ஓட்டைக்காரிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. கதவைத் திறந்தவர் சுவர் மாப்பிள்ளையேதான். அவளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அதில் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"பாத்து போடும்மா. சுவர் பாழாகிடப் போவுது. சின்ன ஸ்க்ரூவா போடு, போதும்."

சின்ன ஸ்க்ரூ பூச்சோடு நின்றுவிடும். பார்க்க இறுக்கமாக இருக்கும், பிள்ளை ஏறினால் பிய்த்துக்கொண்டு வரும். அவள் உள்ளங்கையில் சின்னதும் இருந்தது, நீளமானதும் இருந்தது. கேட்டவர் அவர். அவள் மேல் ஒரு சொல் வராது. போடேன், போட்டுவிட்டுப் போயேன் என்றது மனசு. அப்போது பேரன் தத்தித் தத்தி வந்து, கீழ் இழுப்பறையின் விளிம்பில் விரல்களை வைத்தான். பத்தும் மடங்கின.

சின்ன ஸ்க்ரூவைப் பைக்குள் விட்டெறிந்தாள். உன் தாத்தாவோடு எனக்குள்ள கணக்கில் நீ வராதே, போ என்று மனசுக்குள் திட்டினாள். டிரில்லைப் பூச்சு தாண்டிச் செங்கல் வரை இறக்கினாள். சிவப்புத் தூள் கொட்டியது. வேண்டுமென்றே மெதுவாகத்தான் துளைத்தாள். ஒவ்வொரு உறுமலுக்கும் கிழவர் பல்லைக் கடித்தார். முடுக்கியதும் அலமாரி உடும்புப் பிடியாக நின்றது.

பிறகு டிரில்லோடு கூடத்துக்கு வந்தாள். எதுவுமே மாட்டாத பெரிய சுவர், பெயிண்ட் பளபளத்தது. நட்டநடுவில், அவர் கண் மட்டத்தில், ஆழமாக ஓர் ஓட்டை போட்டாள்.

"ஐயையோ! அங்க ஒண்ணுமே இல்லையே! அது எதுக்கு?"

"இது என் பொண்ணுக்கு. அவ கையில அலமாரி விழுந்து கெடக்கும்போது, டைல்ஸ் விரிஞ்சிருக்கான்னு கேட்டீங்களே, அவளுக்கு."

அவருக்கு இப்போது அவளைத் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. அவர் மகள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவங்க என்னப்பா சொல்றாங்க?"

"நான் சொல்ல மாட்டேம்மா. உங்க அப்பாவே சொல்லட்டும்" என்று பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள் ஓட்டைக்காரி.

வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். உள்ளே மகள் மறுபடியும் கேட்டாள். ஓட்டைக்காரிக்கு அவசரம் இல்லை. அவர் வாயைத் திறக்கும்வரை, வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.