அம்மாவாசியின் நூற்றெட்டு கிலோ

கம்பம்மெட்டு சாலையில் ஜீப்புக்கு கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றுகிற அம்மாவாசியைத் தெரியுமா என்று கேட்டால், எல்லாரும் அவர் காதைத்தான் புகழ்வார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, உள்ளே பல் தேய்ந்திருக்கிறதா, ஜாயிண்ட் ஆடுகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். காது இருக்கட்டும். எனக்கு அவர் மீசையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டு அது. என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்க, நான் கம்பத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இந்த வாய் மட்டும் இல்லையென்றால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறிலும் கார் பந்தயம் ஓடும். ஆடுவது யார்? கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆம்பிளைகள்! அவர்களில் முதல் ஆள் என் கொழுந்தன் ராஜா முகம்மது. திராட்சை மண்டி வைத்திருப்பவன்.

ஏதோ ஒரு ஸ்பேர் பார்ட்ஸின் படத்தைக் கோயம்புத்தூருக்கு மெயில் அனுப்ப வந்த அம்மாவாசி, ராஜாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற காரை, ராஜா ஒரு பொத்தானைத் தட்டி நாலு சக்கரமும் இழுக்கிறதாக மாற்றினான்.

"ஏலே மாப்ளே, இப்ப என்ன செஞ்ச?"

"ஃபோர் வீல் ஆக்கிட்டேன் மாமா."

"செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, மூணு நாளு வண்டிக்கடியில படுத்துக் கெடந்து செய்யிற வேலைய்யா அது! சரி, எடை எம்புட்டுக் கூடுச்சு?"

"எடையா? அதெல்லாம் கூடாது மாமா."

"கூடாதா? அப்ப முன்சக்கரத்த இழுக்குற ஹவுசிங்க என்ன காத்துலயா செஞ்சிருக்கான்?"

அன்றைக்குப் பிடித்தது கோபம். இந்தப் பொய்யை வெறும் பின்சக்கர வண்டியாலேயே தோற்கடிக்கிறேன் என்று உட்கார்ந்தார். தோற்றார். அடுத்த ஞாயிறும் வந்தார், அப்போதும் தோற்றார்.

அவர் ஆடுகிற அழகே தனி. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வார். கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் வெறுந்தரையை ஒரு மிதி மிதிக்கும். அங்கே கிளட்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது. என் டைல்ஸில் ஒன்று அப்படித்தான் விரிசல் விட்டது.

பத்தொன்பது ஞாயிறு போனது. கடையில் பின்சக்கர வண்டி அவர் ஒருவருடையதுதான். கடைசியில் ராஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மாமா, பேசாம நீங்களும் நாலு சக்கரத்துக்கு வந்துருங்க. கொஞ்சம் மரியாதையாத் தோக்கலாம்."

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. அம்மாவாசி எழுந்து நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கெழம இதே பின்சக்கர வண்டியில உன்னய ஜெயிக்கல, இந்த மீசைய எடுத்துர்றேன். ஆனா ஒன்னு, நாலு சக்கரத்துக்கு உண்டான எடைய உன் வண்டியில ஏத்தணும்."

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. அது சாதாரண மீசையா! பெண் பார்க்க வந்த அன்றைக்கு முகத்தைப் பார்க்கவே இல்லை, மீசையைப் பார்த்துத்தான் சரியென்றேன் என்று அவர் மனைவி பவுனு என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

காரில் எடை ஏற்றுவதற்கு அந்த ஆட்டத்தில் ஒரு கட்டம் இருந்தது. எத்தனை கிலோ என்பதில்தான் சண்டை. ராஜா பத்து என்றான், அவர் இருநூறு என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"இது என்ன சந்தைக்கடையா? கொண்டுபோயி நிறுத்துப் பாருங்கய்யா!" என்று கத்தினேன்.

எரிச்சலில் சொன்னதை இரண்டு பேரும் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை, ஒரு ஜீப்புக்கு மாட்ட வைத்திருந்த முன் ஹவுசிங், முன்சக்கரத்துக்கு இழுப்பைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ், ஷாப்ட் எல்லாம் லோடு ஆட்டோவில் ஏறி ராஜாவின் மண்டிக்கே போயின. பன்னீர் திராட்சை நிறுக்கிற தராசில் கிரீஸ் வழிந்தது. நூற்று ஐம்பத்திரண்டு கிலோ. ராஜாவின் முகம் செத்துவிட்டது.

"இருலே, பழைய முன் ஆக்சிலக் கழட்டிருவோம்ல, அதையும் வையி. அதக் கழிக்கணும்" என்றார் அம்மாவாசி. அது நாற்பத்து நாலு. யாருமே கேட்காத கணக்கு. கழித்தால் நூற்றெட்டு.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம். நூற்றெட்டைப் போட்டேன். மூன்று முறை ஓட்டினார்கள். மூன்றிலும் அம்மாவாசி கோட்டைத் தாண்டும்போது ராஜாவின் வண்டி இரண்டு வளைவுக்குப் பின்னால் முக்கிக்கொண்டு வந்தது. ராஜா எழுந்தான்.

"என் தராசு, நான் என்னத்தச் சொல்ல மதினி? நாளைக்கு வந்து தோத்துட்டுப் போறேன்."

அவன் போனதும், "அப்பாடா, மீசை தப்பிச்சது தம்பி!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எடை நெசம்தான்க்கா. ஆனா இது பந்தயம் இல்லையே."

"பத்தொம்பது வாரம் நீங்க தோத்தீகளே, அது மட்டும் பந்தயமா?"

"அதான்க்கா. அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

அவரே இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டி நேரம் பார்த்தார். தொண்ணூறு, எழுபது, ஐம்பது என்று இறக்கிக்கொண்டே வந்தார். நாற்பதில் இரண்டுக்கும் ஒரே நேரம்.

"நாப்பதே போடுங்க."

"தம்பி, மீசை உங்களோடது! நிறுத்துப் பாத்தது நூத்தெட்டு!"

"ரோட்டுல ஓடுற வண்டிக்கு நூத்தெட்டு. இங்கன ஓடுறதுக்கு நாப்பது."

"பவுனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்க்கா" என்றார். குரலில் அவ்வளவு தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பவுனும் வந்துவிட்டாள். கடைக்குள் நிற்க இடமில்லை. நாற்பதுதான் என்று நான் சொன்னதும் ராஜா அம்மாவாசியை ஒரு பார்வை பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஐந்து சுற்று. வளைவில் ராஜா முந்துவான், நேர் ரோட்டில் அம்மாவாசி பிடித்துவிடுவார். இடது கால் தரையைப் போட்டு உதைக்கிறது. "கியரக் குறைங்க, குறைங்க!" என்று பவுனு என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "யா அல்லாஹ்!" என்று நான் கத்துகிறேன். கடைசி வளைவு தாண்டி இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டே வந்தன. கோட்டில் ராஜாவின் வண்டி ஒரு முழம் முந்தியது.

அம்மாவாசி துள்ளி எழுந்து ராஜாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாலே, எப்புடி வந்தோம்! பாத்தியா!" என்று குதித்தார். புதிதாகப் பார்ப்பவர்கள் அவர்தான் ஜெயித்தார் என்று சத்தியமே செய்வார்கள்.

"மீசையெல்லாம் வேணாம் மாமா, விடுங்க" என்றான் ராஜா.

"சொன்னது சொன்னதுதான் மாப்ளே."

மொத்தக் கூட்டமும் எதிர் சலூனுக்குப் போனது. திரும்பி வந்த முகத்தைப் பார்த்த பவுனு சிரித்துச் சிரித்து என் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தாடி, இந்த ஆளு யாருன்னே தெரியலையேக்கா!"

மறுநாள் காலையில் இரண்டு ஜீப் டிரைவர்கள் பட்டறைக்கு வந்து, அவரிடமே "அம்மாவாசி எங்கன?" என்று கேட்டார்களாம். சாயங்காலம் வழுவழு முகத்தோடு என் கடைக்கு வந்தார்.

"அக்கா, வர்ற வாரம் ராஜா வண்டிக்கு நாப்பத்திரெண்டு போடுவோமா?"

மூலைக் கம்ப்யூட்டரிலிருந்து ராஜாவின் தலை நிமிர்ந்தது.

"நாப்பத்தொன்னு மாமா. அதுக்கு மேல ஒரு திராட்சைப் பழங்கூட ஏத்த மாட்டேன்."