எத்தனை பம்பு, தம்பி?

நான் சொன்னதுல ஒரு பொய்யும் கிடையாது. கயத்தாத்துல இருந்து அத்தை போன் போட்டு, இப்ப என்னலே செய்யுதன்னு கேட்டா. நாலு பேரு சேந்து பங்க் ஆரம்பிச்சிருக்கோம் அத்தைன்னேன். பங்க்குன்னா கிடாரும் டிரம்ஸும் வச்சுக்கிட்டு, சுருதி கிருதி பாக்காம, மனசுல உள்ள கோவத்தை அப்படியே கத்திப் பாடுதது. அதை விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. ரோட்டோரம் குடியிருக்க மனுசிக்குப் பங்க்குன்னா பெட்ரோல் போடுத இடம்தான்.

எங்க முதல் ஆல்பம் வந்து அப்ப ஒரு வாரம். நான் கோவில்பட்டில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல மெக்கானிக்கு. ஞாயித்துக்கிழமை அங்க குச்சி குடோன் சும்மா கிடக்கும். ஓனர் அண்ணாச்சி நல்ல மனுசன், சாவியைக் குடுத்துட்டாரு. எட்டுப் பாட்டையும் அங்கனதான் லேப்டாப்புல பதிஞ்சோம். கேட்டவங்கள்ல பாதிப் பேரு எங்க சொந்தக்காரங்க. அதுல பாதிப் பேரு முழுசாக் கேக்கல.

அத்தை தெருவுல ஒரு பிள்ள. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு தினமும் வந்து போற நர்சு. ஒரு கல்யாண வீட்டுல பாத்ததுல இருந்து, கட்டினா இவளைத்தான்னு இருந்தேன். மெக்கானிக்குன்னு கேள்விப்பட்டதும் அவ வீட்டுல பதிலே சொல்லல. இப்ப திடீர்னு, பொண்ணு பாக்க வாங்கன்னு சொல்லி விட்டாவ. ஆல்பம் கயத்தாறு வரைக்கும் போயிருச்சுலேன்னு டிரம்ஸ்காரன்கிட்ட பீத்தோ பீத்துன்னு பீத்திட்டேன்.

அவ அப்பாவுக்கு ரெண்டு லாரி ஓடுது. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, பங்க்ல எத்தனை பேருன்னு கேட்டாரு. நாலு பேருன்னேன். எந்தக் கம்பெனின்னாரு. எந்தக் கம்பெனியையும் நம்பல மாமா, எல்லாம் சொந்தந்தான்னேன். மனுசன் அசந்துட்டாரு. எத்தனை மணிக்குத் திறப்பீங்கன்னாரு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்னேன். அவரு மொகம் ஒரு மாதிரி ஆச்சு.

“எத்தனை பம்பு, தம்பி?”

எனக்கு அப்பத்தான் உறைச்சது. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அத்தை கேசரித் தட்டை விட்டுத் தலையே நிமிரல. பொண்ணோட தம்பி சும்மா இருக்கக் கூடாதா? போன்ல எங்க பேரைப் போட்டுத் தேடி, சென்னையில ஒரு விமர்சகர் எழுதினதை எடுத்து, கூடம் பூராவும் கேக்கிற மாதிரி கணீர்னு வாசிச்சான். நாலு பேரும் கத்துதாங்களாம். எதுக்குக் கத்துதாங்கன்னு அவங்களுக்கே தெரியாதாம். இப்படி ஒரு ஆல்பம் வராட்டி யாருக்கும் ஒரு நட்டமும் இல்லையாம். எனக்கு மானமே போச்சு. மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சிட்டாரு.

அப்ப அவ உள்ள இருந்து வந்தா. யாரும் கூப்பிடல.

“எதுக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா. நாலாவது பாட்டு நம்ம பஸ்ஸப் பத்தினது. பைபாஸ்ல போற பஸ்ஸு, கயத்தாறு டிக்கெட்டெல்லாம் ஏறாதன்னு கண்டக்டர் இறக்கி விடுதான்லா, அதுதான். டூட்டி முடிஞ்சு கால் வலிக்க பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது நான் அதைத்தான் கேப்பேன். பாட்டுன்னு பாத்தா சுமார்தான். ஆனா என்னால கத்த முடியாததை இவிய கத்துதாவ.”

ஏட்டி, இவனுக்குப் பங்க் இல்லையேன்னு மாமா கேட்டாரு. தெரியும், தெரிஞ்சுதான் வரச் சொன்னேன்னா. எனக்கு முன்னால இருந்த காப்பி டம்ளர் தெரியாத அளவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அத்தனை பேரு முன்னால வெக்கமாவும் இருந்துச்சு, அவ்வளவு சந்தோசமாவும் இருந்துச்சு.

மாமா மறுபடியும் உக்காந்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டாரு. கல்யாணத்துல நாங்க பாடக் கூடாது.

நான் உடனே சரின்னுட்டேன். அவதான் ஒத்துக்கிடல.