கிளட்ச் இல்லாத வண்டிக்குப் பூஜை

"பிரேக்கை மிதிங்க! பிரேக்கு!" என்று நான் கத்தியது எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் கேட்டதாம். கத்தி என்ன பிரயோஜனம்? டிரைவர் சீட்டில் இருந்தவர் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, பழனியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்கு முன்னால் தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். புத்தம் புது வண்டி அவரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கார் ஷோரூம் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

1. பேர் ஒன்று, வண்டி வேறு

திண்டுக்கல்லில் ஒரு ஷோரூமில் டெலிவரி செக்‌ஷன் என் பொறுப்பு. 'ஸ்டெல்லா மேடம் வாயில விழாதே' என்று சேல்ஸ் பையன்கள் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். பேசட்டும்.

எங்களிடம் அதிகம் ஓடியது ஒரு சின்னக் குடும்பக் கார். நான் சேர்ந்த புதிதில் அதற்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ரிவர்ஸ் எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பேஸ் மாடலில் ஏசியும் இல்லை. பிறகு முகம் மாறியது, டிக்கி பெருத்தது, ஏர்பேக் வந்தது. நத்தம் மாந்தோப்புக்காரர்கள் விரும்பி வாங்கிய டீசல் போய், அந்த இடத்துக்கு சிஎன்ஜி வந்தது. பின்னால் ஒட்டியிருந்த பெயர் மட்டும் மாறவே இல்லை. அதனால் உள்ளே இருப்பதும் பழைய வண்டிதான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் வந்தது. கிளட்ச் கிடையாது, பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டுதான். முதலில் வந்த மாடல், பிரேக்கை விட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த மாடலில், டிராஃபிக்கில் சௌகரியமாக இருக்கட்டும் என்று, பிரேக்கை விட்டதும் மெதுவாகத் தானே நகரும்படி செய்துவிட்டார்கள். நல்ல வசதிதான். முன்னால் ஆள் இல்லாதவரைக்கும்.

2. கோகிலா டீச்சர்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கோகிலா டீச்சர். சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப்போனது. "பஸ் படி ஏறறதுக்குள்ளாற கண்டக்டர் விசில் குடுத்துடறாருங்க மேடம். ஒரு நாளைக்காவது யாரையும் எதிர்பார்க்காம நானா பள்ளிக்கூடம் போய் எறங்கோணும்," என்றார். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டுமே! அதனால் ஆட்டோமேட்டிக் ஒன்றுதான் அவருக்கு வழி. லைசென்ஸும் எடுத்துவிட்டார். நான் வண்டியைக் காட்டி விளக்கியபோது கேட்ட கேள்வியெல்லாம் அவருடையதுதான்.

கணவர் செந்தில், காய்கறி லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், டீச்சருக்காகவே அந்த வண்டியை புக் பண்ணினார். ஆனால் "செத்த நேரம் நீங்களும் உக்காருங்க சார், சொல்லித்தாரேன்," என்றால் சிரிக்கிறார். "மலை மேல லோடு ஏத்தறவனுங்க நானு. இந்தத் தீப்பெட்டிக்கெல்லாம் பாடம் எதுக்குங்க?"

3. நான்கு எலுமிச்சம்பழம்

டெலிவரி அன்று பூமாலை, சந்தனம், சூடம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். "ராகுகாலம் வந்துருமுங்க, சீக்கிரம்!" என்று செந்தில் ஏறி உட்கார்ந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து டிரைவ் கியரில் போட்டுவிட்டார். மனைவிக்கு வாங்கிய வண்டிதான், ஆனால் பூஜைக்கு வண்டி எடுப்பது ஆம்பளை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து இடது பக்க முன்சக்கரத்துப் பழம் உருண்டு ஓடியது. டீச்சரால் குனிய முடியாது. தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். உள்ளே செந்தில், இடது காலால் கிளட்சை அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கும்பிட்டார். அவர் அழுத்தியது கிளட்ச் அல்ல, கால் வைத்துக்கொள்ளும் பலகை.

என் கத்தலில் கண்ணைத் திறந்தவர் அந்தப் பலகையையே ஓங்கி ஓங்கி மிதித்தார். வண்டியா நிற்கும்? டீச்சரால் எழுந்து ஓட முடியாது. மாலை கட்டத் திறந்திருந்த இடது பக்கக் கதவு வழியாகப் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். பம்பர் டீச்சரின் தோளில் முட்டி நின்றிருந்தது. பழங்கள் நசுங்கியிருந்தன, விரல்கள் தப்பின.

செந்தில் இறங்கி வந்து, அம்புட்டு பேர் முன்னாலும் தேம்பி அழுதார். "இந்தப் பேய் வண்டி வேண்டாமுங்க. கியர் வண்டியே குடுத்துருங்க."

எங்கள் மேனேஜர் உடனே, "அதே கலர்ல கியர் வண்டி ரெடியா இருக்கு சார், மாத்திரலாம்," என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"யாருக்கு சார் மாத்துறீங்க? அந்தம்மா எப்படி ஓட்டும்? கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பேசுங்க!"

டீச்சர் இன்னும் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, கையக் குடுங்க." கணவரின் கையைப் பிடித்து எழுந்தார். "எனக்குன்னுதானுங்க வாங்குனீங்க? நானே எடுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

செந்தில் உடனே ஏறவில்லை. முதலில் வண்டிக்கு முன்னால் நின்றவர்களையெல்லாம் இரண்டு கையாலும் விலக்கினார். நசுங்கிய பழங்களை எடுத்துப் போட்டுவிட்டு, வேறு நான்கைத் தானே வைத்தார். அப்புறம்தான் ஏறினார். டீச்சர் பிரேக்கை மெல்ல விட்டார். நான்கு பழமும் நசுங்கிற்று. வண்டி கேட்டைத் தாண்டும்வரை நான் பக்கத்திலேயே நடந்தேன்.

அன்று முதல் எங்களிடம் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எஞ்சினை அணைத்துத்தான் பூஜை. முன்னால் நிற்பவர்கள் விலகியபிறகே சாவி என் கையை விட்டுப் போகும். முகூர்த்தம் முடிகிறது என்று யார் குதித்தாலும் சரி. பில் யார் பேரில் இருந்தாலும், ஓட்டப்போகிறவர்தான் முதலில் உட்கார வேண்டும்.

முதல் சர்வீஸுக்கு டீச்சர் தனியாக ஓட்டிவந்தார். "சார் வரலையா?" என்றேன்.

"கூட வந்தா, பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு வழிபூரா தரைய மிதிக்கறாருங்க மேடம். அதான் லாரிக்குப் போகச் சொல்லிட்டேன்," என்றார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கறேனுங்க," என்றார்.