கருநீலச் சுவர்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. காலை முதல் மாலை வரை வெள்ளை விரிப்புகளாகத் தேய்த்து மடிப்பாள். அதனால் தன் படுக்கையறைக்குக் கருநீலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பெயிண்டருக்கு மனசு கேட்கவில்லை. அவர் கைபட்ட வீடெல்லாம் சந்தன நிறம்தான். அக்கா வேலைக்குப் போனதும், நீலத்தில் பாதிக்குப் பாதி வெள்ளையைக் கலந்து அடித்துவிட்டார். சாயங்காலம் வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது, வெளுத்துப்போய் கிடக்கு?"

"அறை இருட்டா இருந்தா வீட்டுக்கு ஆகாதும்மா. உன் நல்லதுக்குத்தான் வெள்ளை கலந்தேன்."

"நாள் பூரா வெள்ளையோடதான் மல்லுக்கட்டுறேன். அதை வீட்டுக்குள்ளயும் கொண்டுவந்து விட்டா நான் எங்கதான் போறது?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அறை நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். பெயிண்டர் முணுமுணுத்துக்கொண்டே நாலு சுவரையும் கருநீலத்திலேயே அடித்து முடித்தார். மத்தியானம் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தவள், பழைய துணி விரித்த தரையில் அவர் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கண்ணே, வீட்டுக்கு ஆகுமா, ஆகாதா?"

பதில் குறட்டையாக வந்தது.