மஞ்சள் தடவிய மெயில்

என் வீட்டுக்காரருக்கு நடுக்கடலில் வேலை. அரபு நாட்டுப் பக்கம், தண்ணீருக்குள் இரும்புக் கால் நட்டு எண்ணெய் எடுக்கிற மேடை. தெருவில் யாராவது கேட்டால் "கப்பல்ல இருக்காரு" என்று சொல்லி முடித்துவிடுவேன். அங்கே செல்போனுக்கு அனுமதி கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் மேடையில் இருக்கிற போனிலிருந்து பேசுவார். காற்று பலமாக அடித்தால் அதுவும் இல்லை. மற்றபடி கம்பெனி சொல்வதெல்லாம் என் மெயிலுக்குத்தான் வரும். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தது என் நாத்தனார். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள்.

துணிக்கடையில் பில் போடும்போது கேட்டார்கள் என்று அந்த ஐடியைச் சொன்னேன். அதிலிருந்து சேலைத் தள்ளுபடி, லோன், பரிசு என்று மெயில் வந்து குவிய ஆரம்பித்தது.

ஒருமுறை அவர் லீவுக்கு வருகிறார் என்று கார் பிடித்து, நானும் நாத்தனாரும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனோம். வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கவைத்து இறக்கியிருந்தேன். விமானம் வந்தது, ஆட்கள் வண்டி வண்டியாகப் பெட்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் வரவில்லை. கடைசி ஆளும் போன பிறகு கண்ணாடிக் கதவு மட்டும் தானாகத் திறந்து திறந்து மூடியது. நாத்தனார் என் போனை வாங்கிப் பார்த்தாள். லீவு தள்ளிப்போய்விட்டதாகக் கம்பெனி முந்தின நாளே எழுதியிருந்தது. சேலைத் தள்ளுபடிக்குக் கீழே கிடந்தது அந்த மெயில். அவள் காரில் வரும்போது சிரித்துச் சிரித்து மாய்ந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோதே மனசுக்குள் ஒருதரம் தாலியைக் கழற்றிவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்த மெயில் வந்தாலும் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்தைத் தொட்டுவிடுவேன். ஒன்றை விட்டுவிட்டு, அதுவே முக்கியமானதாகப் போய்விட்டால்? ஆயுத பூஜையில் அரிவாள்மனையிலிருந்து சைக்கிள் வரை ஒன்று விடாமல் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தேன். சேலைக்கும் நட்சத்திரம், லோனுக்கும் நட்சத்திரம்.

நாத்தனார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது? வானத்தையே எறக்கி வச்சிருக்கீங்க! இதுல கம்பெனி மெயிலு எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

"நீ பேசுவடி. கடல்ல இருக்கது ஒன் புருசனா?"

"என் அண்ணன்தானே? நாளைக்கு ஜெராக்ஸ் கடைக்கு வாங்க."

மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் நட்சத்திரங்களையெல்லாம் எடுத்தாள். கம்பெனி முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும் தனிப் பெயர், தனி நிறம், போனில் தனி மணி என்று வைத்தாள். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

"என்ன கலரு வைக்கட்டும்? செவப்பு பளிச்சுன்னு தெரியும்."

"செவப்பு வேணாம். மஞ்சள் வையி."

"பத்திரிகைக்குத் தடவுற மாதிரியா? மெயிலுக்கு மஞ்சள் தடவுன மொத ஆளு நீங்கதான் அண்ணி."

அவள் கேலி செய்ததும் சரிதான். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கருமாதிப் பத்திரிகை என்றால் மூலையில் கறுப்பு. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வாசலில் நின்று படித்து அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவோம். பிரிக்கும் முன்பே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மஞ்சளாக வருவதில் கெட்டது இருக்காது என்று நானாக ஒரு தைரியம் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. ஷிப்டு மாற்றம், இன்சூரன்ஸ் என்று எல்லாம் சாதாரணச் சேதி. மணி அடித்தால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. காற்றாக இருக்கும் என்றாள் நாத்தனார். எங்கள் ஊரில் அன்று முந்திரி இலைகூட ஆடவில்லை.

மறுநாள் நான் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சாம்பல், அது பூசாவிட்டால் கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகும். மணி அடித்தது. புறங்கையால் தட்டினேன். மஞ்சள். அதன் பக்கத்தில் இங்கிலீஷில் அவர் பெயர். இதற்கு முன் வந்த எதிலும் மேல்வரியில் அவர் பெயர் இருந்ததில்லை. அதற்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு எழுந்தவள் வாசலுக்கு வெளியே தெருவில் வந்து நின்றேன். கால்தான் கொண்டுவந்து நிறுத்தியது.

நாத்தனாருக்கு மெயிலை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்டி பேசாம இருக்க?"

"படிக்கிறேன் அண்ணி."

"ஒரு வார்த்த சொல்லுடி."

மெஷின் நின்றது. "உசுரோட இருக்கு அண்ணி. அண்ணன் உசுரோட இருக்கு. கம்பி வடம் அறுந்து கையில அடிச்சிருச்சாம். கரைக்குக் கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம்."

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடது கையில் கட்டோடு ஊருக்கு வந்தார். கட்டுப் பிரித்த பிறகும் சுண்டுவிரல் மடங்கவில்லை. "கலர மாத்திரவா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். எந்தக் கலருக்கு மாற்றச் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டேன். போனை அவரிடமே கொடுத்துவைத்தேன்.

போன வாரம் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே அந்த மணி அடித்தது. என் கை கொடிக்கயிற்றிலேயே நின்றுவிட்டது. அவர் சத்தம் போட்டுப் படித்தார். கை தேறிவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கம்பெனி ஏற்றுக்கொண்டதாம். பழைய மேடைக்கே திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். பல நாளைக்குப் பிறகு அவர் குரலில் தெம்பு.

"நல்ல சேதிதான்டி! மஞ்சக் கலருலதானே வந்துருக்கு? உள்ள வா."

நான் வாசலிலேயே நின்றேன்.