அரைப்புள்ளித் தமிழ்

றம்லாவின் கடையில் வைரஸ் இல்லை என்பது உக்குவளையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே அச்சும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மாத்தளையில் தட்டச்சு வகுப்புக்குப் போன நாளிலிருந்தே எழுத்துதான் அவளுடைய பிழைப்பு. தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது. கலியாணக் கார்ட், யாராவது இறந்தால் மௌத்து அறிவித்தல், மனு எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் அடித்தாள். 2006இல் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் இறங்கி எல்லாவற்றையும் தின்றது. துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். மீண்டும் தின்றது. கண்டியில் கணினி திருத்துகிற அவளுடைய அண்ணன் மஹ்ரூப் நானா, பென்குயின் படம் போட்ட ஒரு சிடியோடு வந்தான்.

"இது லினக்ஸ். சும்மா தாராங்க."

"சும்மா தாரதுல என்ன குறை ஈக்கி?"

"குறையும் ஈக்கி. ஆனா களவு இல்ல. ஆருக்கும் கொப்பி பண்ணிக் குடுக்கேலும். உள்ளுக்கு எப்பிடிச் செஞ்சீக்கின்டு ஆரும் தொறந்து பாக்கேலும்."

களவு இல்லை என்ற சொல் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. அதுவரை கணினியில் ஓடியதெல்லாம் களவு சிடி. ஐந்து வேளை தொழுதுவிட்டு வந்து அதன் முன்னால் உட்காருவது அவளை உறுத்தியிருக்கிறது.

இழுத்து இழுத்து மூச்சுவிட்ட பழைய கணினி லினக்ஸில் சுறுசுறுப்பாக ஓடியது. வைரஸ் வந்து மோதிப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அவளுடைய பிரின்டரை மட்டும் அது கண்டுகொள்ளவே இல்லை. மஹ்ரூப் பலமுறை வந்து மல்லுக்கட்டினான், நடக்கவில்லை. கணினி பழக வந்த பிள்ளைகளும், வேலைக்கு வின்டோஸ்தான் கேட்பார்கள் என்று பக்கத்துக் கடைக்கு மாறினார்கள்.

பக்கத்துக் கடைக்காரன் பலீல், அக்காவைத் தாத்தா என்கிற ஊர் வழக்கில், வாசலில் நின்று கேட்பான்.

"றம்லா தாத்தா, ஒங்கட பென்குயின் முட்டை போட்டுச்சா?"

"ஒங்கட வைரஸ் இந்தக் கிழமை எத்தின குட்டி போட்டிச்சி, அதச் செல்லுங்க."

மறு வருஷம், மழை விடாத ஒரு பின்நேரம், தேயிலைத் தோட்டத்திலிருந்து செபஸ்தியன் நனைந்துகொண்டு வந்தான். கையில் ஒரு பென் டிரைவ்.

"இதுல ஒன்னுமே இல்லேங்குறாருக்கா பலீல் அண்ணன். போமட் பண்ணட்டுமான்னு கேட்டாரு. நான் புடுங்கிக்கிட்டு வந்துட்டேன்."

அவனுடைய தம்பி மைக்கல் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். யுத்த காலம்; பொலிஸார் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா மரியாயி சொல்லச் சொல்ல, தோட்டத்து டீச்சர் மனுவை அடித்துக் கொடுத்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். மரியாயி கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் காத்திருந்தாள். காலையில் வக்கீல் கையில் மனு இருக்க வேண்டும்.

"போன்ல அம்மாக்கிட்டத் திரும்பக் கேட்டு எழுதேலாதா?"

"ஒரு தடவ சொன்னதுக்கே ரெண்டு நாள் சோறு எறங்கலக்கா. மறுபடி எப்பிடிக் கேப்பேன்?"

றம்லா பென் டிரைவைச் செருகினாள். வைரஸ் கோப்பை அழித்திருக்கவில்லை. அதை மறைத்துவிட்டு, அதே பெயரில் தான் உட்கார்ந்திருந்தது. லினக்ஸுக்கு அந்தத் தந்திரம் புரியவில்லை. ஒளிந்ததையும் ஒளித்ததையும் அடுத்தடுத்துக் காட்டியது.

"ஈக்கி, அழியல்ல" என்றாள். செபஸ்தியன் சிலுவை போட்டுக்கொண்டான்.

திறந்தாள். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள், பக்கம் முழுக்க.

"என்னக்கா இது? இத செக் பொயின்ட்ல பாத்தா கோட் வேர்டுன்னு என்னையுமில்ல தூக்கிப் போடுவானுங்க!"

டீச்சர் அடித்தது பாமினியில்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது இப்படித்தான் ஆங்கில எழுத்தாகத் தெரியும், றம்லாவின் பாமினியோ பழைய வின்டோஸோடு போய்விட்டிருந்தது. மஹ்ரூபுக்கு அழைத்தாள். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றான். றம்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். விரல்களை விசைகளின் மேல் வைத்து, அழுத்தாமல், அந்த வரிசையில் நகர்த்தினாள். அ. ம். மா.

"இது கோட் இல்ல தம்பி. தமிழ்தான். இந்த அரைப்புள்ளியெல்லாம் நம்மட புள்ளி."

கண்ணால் வாசிக்க முடியவில்லை. விரலால் வாசித்தாள். வாசித்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே புதிதாக அடித்தாள். லினக்ஸில் தமிழ் விசைகளின் வரிசை வேறு; அடிக்கடி தடுமாறினாள்.

"'அம்மா, கடையைப் பூட்டிவிட்டு அழைக்கிறேன் என்று சொன்னான். பிறகு அழைக்கவில்லை. அவனுடைய அடையாள அட்டை கடை மேசை லாச்சியில் இருந்தது…'"

செபஸ்தியன் இதையெல்லாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றான். "நீங்க நிறுத்தாதீங்கக்கா" என்றான், திரும்பாமல்.

மனு முடிந்தது. அச்சு? எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துக் கலையாத கோப்பாக மாற்ற அந்த லினக்ஸிலேயே வழி இருந்தது. எந்த வைரஸும் தொட முடியாதபடி சிடியில் பதிந்து எடுத்துக்கொண்டு, லினக்ஸுக்கு மாறிய பிறகு முதன்முறையாக றம்லா, செபஸ்தியனையும் கூட்டிக்கொண்டு, பலீலின் கடைப்படி ஏறினாள்.

"ஆ, பென்குயினுக்கு மை தொட ஏலாதோ?"

"ஏலாது. அடிங்க."

பலீல் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். திரையில் முதல் பக்கம் வந்தது. வாசித்தான். அச்சுக்குக் கொடுத்தான். தாள்களை ஓர் உறையில் போட்டு, மழைக்குப் பொலித்தீன் சுற்றி, செபஸ்தியனிடம் நீட்டினான்.

மைக்கல் வீடு திரும்பியது மாசிக் கடைசியில். அண்ணனோடு கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தான்.

"என்னப் பத்தி கோட் வேர்டுல ஒரு மனு இருந்திச்சாமே?"

றம்லா அந்தக் கோப்பை அழிக்கவில்லை. திறந்து காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

அவள் தொட்டுக் காட்டினாள். ஐ, கே, எஃப், அரைப்புள்ளி, எஃப், வை, அரைப்புள்ளி. அவன் இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தான்.

"இத எனக்கு ஒரு பேப்பர்ல அடிச்சுத் தருவீங்களாக்கா?"

றம்லா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, பலீல்ட்டப் போவம்."